மார்க் 4 அம்பாசிடருக்கு முன் டிஸ்க் பிரேக்: எந்த வண்டியிலிருந்து எடுப்பது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, வீட்டில் தாத்தா வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 டீசல் இருக்கிறது. நாலு வீலும் டிரம் பிரேக். சபரிமலை போய்விட்டு ஆறு பேரோடு திரும்பும்போது புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் பெடல் ரொம்பக் கீழே போய்விட்டது. முன்னால் டிஸ்க் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு மெக்கானிக் கான்டெஸா டிஸ்க் போடலாம் என்கிறார். இன்னொருவர் சுமோ டிஸ்க்கை பிராக்கெட் வெல்டிங் வைத்து மாட்டித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்ய?"

இரண்டும் வேண்டாம் தம்பி. முன் டிஸ்க்கும் பூஸ்டரும் (கால் மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) கம்பெனியிலேயே பொருத்தி வந்த பிந்தைய அம்பாசிடர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலிருந்து டிஸ்க்கை மட்டும் கழற்றாமல் ஸ்டப் ஆக்சில் (முன் வீலைத் தாங்கும் அச்சு), ஹப், கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் பாகம்), பூஸ்டர், பெடல் லிங்க் வரை மொத்தமாக வாங்குங்கள். அது கிடைக்கும்வரை இருக்கிற டிரம்மை ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிரேக் விஷயத்தில் "மாட்டியாச்சு, பிடிக்குது" என்பது மட்டும் போதாது.

முதலில் எஸ் வளைவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பெடல் கீழே போனது என்று எழுதியிருக்கிறீர்கள். சூட்டினால் பிரேக் தளர்வது மூன்று விதம். பெடல் கல் மாதிரி நிற்கும், அழுத்தினாலும் வண்டி நிற்காது என்றால் டிரம்மில் உரசும் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்திருக்கிறது. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய் அங்கே கெட்டியாக நின்றால், சூட்டில் டிரம் விரிந்து, லைனிங்கைத் தாங்கும் ஷூவை விட்டு விலகியிருக்கிறது. டிரம் பிரேக்கின் பிறவிக் குணம் அது. டிஸ்க்கில் சூடு ஏறினால் தகடு, அதைப் பிடிக்கும் பேடின் பக்கமாகத்தான் தடிக்கும், அதனால் இந்தத் தொந்தரவு கிடையாது. உங்களுக்கு நடந்தது இரண்டாவதா மூன்றாவதா என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். வீட்டுக்கு வந்து வண்டி ஆறிய பிறகு பெடல் பழையபடி மேலே வந்துவிட்டதா? அப்படியென்றால் சூடுதான் காரணம். ஆறிய பிறகும் பெடல் தாழ்ந்தே இருந்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப் போய்விட்டது. அதற்கு டிஸ்க் மருந்தல்ல.

சூடு என்றால் எவ்வளவு சூடு? ஆளும் சாமானும் சேர்ந்து 1,500 கிலோ இருக்கும் வண்டி 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 370 கிலோஜூல். அதே வண்டி ஒரு மலைச் சாலையில், மாஞ்சோலைப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், 1,000 மீட்டர் உயரம் இறங்கி வந்தால் சுமார் 14,700 கிலோஜூல். அதாவது 80 கி.மீ.யிலிருந்து 40 தடவை நிறுத்துகிற வேலை, நடுவில் ஆறுவதற்கு நேரமில்லாமல். இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் எடுக்கும் பங்கு நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. டாப் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எந்த டிஸ்க்கும் தாங்காது. புளியரை இறக்கம் உயரத்தில் சிறியதுதான். ஆனால் முன்னால் லாரி ஊர்ந்து போக, பின்னால் நீங்கள் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சிறிய இறக்கமே போதும். ஆகவே டிஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர். இப்போதுள்ள டிரம்மே நாலு வீலையும் லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், டிஸ்க் போட்டதால் அந்தத் தூரம் குறையாது. பழைய 5.90-15 நைலான் டயர் ஓடிக்கொண்டிருந்தால், அதை நல்ல ரேடியலாக மாற்றுவதில் கிடைக்கும் பலன் டிஸ்க்கில் கிடைப்பதைவிட உடனே தெரியும். டிஸ்க்கின் லாபம் வேறு இடத்தில்: சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், மழையில் தண்ணீரைத் தானே துடைத்துக்கொள்ளும், ஒரு பக்கமாக இழுப்பது குறையும். ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு இது தெரியும். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம் முதல் ஓரிரு மிதிக்கு ஒன்றும் செய்யாது.

அதனால் முதல் வேலை டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது. உள்வட்டம் முட்டையாகிப் போயிருந்தால் லேத்தில் கடைய வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதிகம் கடைந்த டிரம் மெலிந்து, சூட்டில் இன்னும் சீக்கிரம் விரியும். புது லைனிங் அடித்த பிறகு ஷூ, டிரம்மின் வளைவோடு முழுதாக உட்காருகிறதா என்று சாக்பீஸ் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தொடுகிற ஷூ பாதிதான் பிடிக்கும். அட்ஜஸ்ட்மென்ட் நாலு பக்கமும் சமமாக வைக்க வேண்டும். பிரேக் ஆயிலை முழுக்க வடித்துப் புதியது ஊற்றுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது; காற்றிலிருந்து ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. பல வருஷம் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குவதுதான் பெரிய ஆபத்து, டிரம் அல்ல. இதையெல்லாம் செய்த பிறகு அதே சாலையில் ஒரு தடவை போய் வந்து பாருங்கள். டவுனுக்குள்ளும் அம்பை, பாபநாசம் என்றும் ஓட்டுவதற்கு அதுவே போதும் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். ஆறு பேரோடு வருஷா வருஷம் மலை ஏறுவீர்கள் என்றால் டிஸ்க் நியாயமான ஆசைதான், மேலே படியுங்கள்.

கான்டெஸா ஏன் வேண்டாம்? அம்பாசிடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் கான்டெஸாவையும் செய்தது. ஆனால் கம்பெனி ஒன்று என்பதால் பாகம் பொருந்திவிடாது. அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழியில் வந்தது; முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. 1984-இல் வந்த கான்டெஸா, வாக்ஸ்ஹால் விக்டர் வழியில் வந்தது. முன்னால் காயில் ஸ்பிரிங். ஸ்டப் ஆக்சில் உட்காரும் மேல் கீழ் இணைப்புகளே வேறு. அதை இதில் மாட்ட வேண்டுமென்றால் எங்காவது வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும்.

சுமோ டிஸ்க்கும் வெல்டிங் பிராக்கெட்டும் அதைவிட மோசம். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். உங்கள் 1,500 கிலோ வண்டி ஓங்கி மிதித்து நிற்கும்போது டயரும் தரையும் சேர்ந்து பிடிக்கும் விசை 1,200 கிலோ அளவுக்கு வரும். எடை முன்னால் சாய்வதால் அதில் 70 சதவீதம் முன் இரண்டு வீலுக்கு, அதாவது ஒரு வீலுக்கு 400 கிலோவுக்கு மேல். டயரின் ஆரம் சுமார் 32 சென்டிமீட்டர், பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் ஆரம் சுமார் 11 சென்டிமீட்டர் என்றால், அந்தக் கேலிப்பர் பிராக்கெட் மேல் விழும் விசை ஒரு டன்னைத் தாண்டும். ஒவ்வொரு மிதிக்கும் அது வந்து போகும். ஸ்டப் ஆக்சில் அடித்து உருவாக்கி, சூட்டில் பதப்படுத்திய இரும்பு. அதில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் சாலையோர வெல்டிங் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

நல்ல பொருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் 288 மில்லிமீட்டர் முன் டிஸ்க் உள்ள வண்டிக்கு, அதே ஆக்டேவியாவின் ஆர்எஸ் மாடலில் வந்த 312 மில்லிமீட்டர் டிஸ்க்கைப் போடுவார்கள். கேலிப்பர் அதேதான், அதன் 54 மில்லிமீட்டர் பிஸ்டனும் அதேதான். கேலிப்பரைத் தாங்கும் கேரியரும் டிஸ்க்கும் மட்டும் மாறும். 16 அங்குல வீல் இருந்தால் போதும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. பிஸ்டன் மாறாததால் மாஸ்டர் சிலிண்டரையும் தொட வேண்டியதில்லை. இப்படி, கம்பெனியே அந்த அச்சிலேயே பெரிய பிரேக் வைத்து விற்றிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விற்றிருந்தால் பொருத்திப் பார்த்து, கணக்குப் போடுகிற வேலையை அவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

உங்கள் வண்டியில் மாற்றம் அதைவிடப் பெரியது, ஏனென்றால் டிரம்மிலிருந்து டிஸ்க்குக்குப் போகிறோம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிஸ்க்கின் விட்டத்தைப் பார்ப்பார்கள், கேலிப்பரைப் பார்ப்பார்கள், மாஸ்டர் சிலிண்டரை மறந்துவிடுவார்கள்.

டிரம்மில் வீல் சுற்றுகிற திசையே ஷூவை இழுத்து இன்னும் இறுக்கும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடை அழுத்துவது முழுக்க ஆயிலின் வேலை. ஆகவே டிஸ்க்குக்கு அழுத்தமும் அதிகம் வேண்டும், பெரிய பிஸ்டனை நகர்த்த ஆயிலும் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டு கேலிப்பரை மட்டும் மாட்டினால், பெடல் பாதிக்கு மேல் போகும், கால் வலிக்க மிதிக்க வேண்டும்.

சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால்? முக்கால் அங்குலத் துளைக்குப் பதில் 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர் போட்டால் பரப்பு 36 சதவீதம் கூடும். பெடல் பயணம் குறையும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 36 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். கேலிப்பர் பக்கமும் இப்படித்தான்: 48 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 54 வந்தால் பரப்பு 26 சதவீதத்துக்கு மேல் கூடும். பிடி கூடும், கூடவே பெடல் பயணமும் கூடும். ஒன்றை மாற்றினால் மற்றது கேட்கும். அதனால்தான் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், கேலிப்பர் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு உள்ளே இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும், வீல் சிலிண்டரின் கப் உதடு மடங்காமல் இருக்க. டிஸ்க் லைனில் அந்த அழுத்தம் நின்றால் பேட் தகட்டை விடாது, உரசிக்கொண்டே ஓடும், எஸ் வளைவுக்குப் போகும் முன்பே ஹப் கொதிக்கும். "டிஸ்க் போட்டேன், வண்டி ஃப்ரீயா உருளவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வால்வைத்தான். பின் டிரம் லைனுக்கு அது இருக்க வேண்டும், முன் டிஸ்க் லைனுக்கு அது கூடாது. முன்பின் இரண்டு சர்க்யூட்டும் பிரிந்த டாண்டம் மாஸ்டர் சிலிண்டரில் இந்த வேறுபாட்டைத் தனித்தனியே வைக்க முடியும். பழைய சிங்கிள் சர்க்யூட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு வீலும் போச்சு என்பதால், டாண்டத்துக்கு மாறுவது டிஸ்க்கைவிடப் பெரிய பாதுகாப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது பூஸ்டர். உங்களுடையது 1,489 சிசி டீசல். பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் பக்கம் கிடைக்கும் வாக்யூமை நம்பிப் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த வாக்யூமை நம்ப முடியாது, தனி வாக்யூம் பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பம்ப் இருக்கும். அதற்கு எஞ்சின் ஆயில் போய்வர இரண்டு குழாய் வேண்டும். பம்பை மாட்டி ஆயில் லைன் இழுக்காவிட்டால் அது காய்ந்து போகும். பெட்ரோல் அம்பாசிடரிலிருந்து பூஸ்டரை எடுத்துவந்து, வாக்யூமுக்கு வழி பார்க்காமல் மாட்டினால் மிதிக்க முடியாத பெடல்தான் மிச்சம். பூஸ்டர் சரியா என்று பார்க்க: எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியானதும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வாக்யூம் வரவில்லை.

பின் பிரேக்கைத் தொடாதீர்கள். அது டிரம்மாகவே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கும் அதிலேயே நன்றாக நிற்கும். ஆனால் பூஸ்டர் வந்தபிறகு பின்னாலும் அழுத்தம் கூடும் என்பதை மறக்கக் கூடாது. முன்னால் லாக் ஆனால் வண்டி நேரே சறுக்கும். பின்னால் முதலில் லாக் ஆனால் வால் சுற்றிவிடும். கழற்றும் வண்டியில் பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்தால் அதையும், பின் வீல் சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொண்டு அப்படியே வையுங்கள்.

எங்கே கிடைக்கும் என்றால், அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-இல்தான். ஆபீஸ் வண்டியாகவும் டாக்ஸியாகவும் ஓடியவை நிறைய. நம்ம பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வையுங்கள், மதுரையில் விசாரியுங்கள், கடைசியாகச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. முடிந்தால் கழற்றாத முழு வண்டியாகப் பார்த்து, உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். மேல் கீழ் இணைப்பு, ஸ்டியரிங் ஆர்ம், பேரிங் அளவு, வீல் போல்ட் வட்டம் எல்லாவற்றையும் வெர்னியரால் அளந்து உங்கள் வண்டியோடு ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள். மாடலுக்கு மாடல் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் மூழ்கிய வண்டிகளின் பாகங்களும் சந்தைக்கு வந்திருக்கும். பிஸ்டனில் துருப்புள்ளி தெரிந்தால் அந்தக் கேலிப்பர் வேண்டாம். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருந்தால் அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் சாமான், ஹோஸ், பேட், பேரிங் இவற்றைப் பழையதில் எடுக்கவே கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

மாட்டும்போது பையன்கள் சாமானை டீசலில் கழுவுவார்கள். பிரேக் ரப்பரில் டீசலோ பெட்ரோலோ பட்டால் ஊதிப்போய் ஒரு மாதத்தில் சிக்கும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். இடது வலது கேலிப்பர் மாறிவிடக் கூடாது: ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே போனால் எவ்வளவு மிதித்தாலும் காற்று மேலே தங்கிவிடும், பெடல் பஞ்சாகவே இருக்கும். லைனுக்குச் செம்புக் குழாய் வேண்டாம், பிரேக்குக்கென்று விற்கும் இரும்புக் குழாயில் இரட்டை மடிப்பு ஃப்ளேர் போடச் சொல்லுங்கள். ஹோஸ் மாட்டியதும் வீலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, வண்டியை ஜாக்கியில் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். எங்கும் இழுபடவோ உரசவோ கூடாது. வீலை மாட்டிக் கையால் சுற்றி, கேலிப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வீலில் ஒட்டியிருக்கும் பேலன்சிங் எடையையும் சேர்த்துத்தான். ஸ்டப் ஆக்சில் மாறியதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இன்ஸ்பெக்டர் எப்படியும் வண்டியைப் பார்ப்பார். வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அதே அம்பாசிடரில் கம்பெனி வைத்த பாகம் என்று பார்ட் நம்பரோடு காட்ட முடிவது, வெல்டிங் பிராக்கெட்டைக் காட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லாம் முடிந்ததும் நேரே மலைக்குப் போகாதீர்கள். காலையில் ஆளில்லாத நேரான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள், முழுதாக நிற்க வேண்டாம். கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடியும். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை செய்தால் பேட் தகட்டில் படியும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டி ஓங்கி மிதித்து, எந்த வீல் முதலில் லாக் ஆகிறது என்று வெளியே ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின் வீல் முதலில் நின்றால் வண்டியை அப்படியே ஒர்க்ஷாப்புக்குத் திருப்புங்கள். முன் வீல்தான் நிற்கிறது என்றால், 20 கி.மீ. பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி வந்து, நாலு ஹப்பின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்னால் ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே கேலிப்பர் சிக்குகிறது; முன் இரண்டுமே அனல் அடித்தால், லைனில் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் அந்த வால்வு இன்னும் உள்ளே இருக்கக்கூடும். முதல் 500 கி.மீ. முடிந்ததும் கேலிப்பர் போல்ட்டையும் வீல் நட்டையும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு, ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் ஆரியங்காவு பக்கம் போய் வாருங்கள்.